டிராயர் சத்தத்துக்காக அடுப்படியை உடைக்க வேண்டாம்

மாடுலர் கிச்சன் வேலை பார்க்கும் தச்சு அண்ணன்மாருக்கும் ஃபிட்டர் தம்பிமாருக்கும்,

மதுரையில் ஒரு ஹார்டுவேர் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருப்பவள் நான். கீல், சேனல், கைப்பிடி, திருகு என்று நீங்கள் வாங்கிப் போகும் சாமான்கள் வழியாகத்தான் உங்களில் பலரை எனக்குப் பழக்கம். யார் அளவில் சுத்தம், யார் அவசரக்காரர், யார் ஒரு திருகுகூட வீணாக்காதவர் என்பதெல்லாம் நீங்கள் திருப்பிக் கொண்டுவரும் மிச்சச் சாமானைப் பார்த்தே சொல்லிவிடுவேன். உங்கள் வேலைமேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

வீட்டுக்கார அம்மா உங்களிடம் கேட்கிறார்: "இந்த டிராயரெல்லாம் டமார் டமார்னு அடிக்குது. சாஃப்ட் க்ளோஸ் போட்டுத் தர முடியுமா?" உங்களில் நிறையப் பேர் சொல்லும் பதில்: "பழைய பாக்ஸ்ல அது வராதும்மா. மாத்தணும்னா மொத்தமா மாத்திரலாம்." அவர் நேரே கடைக்கு வந்து, புது கிச்சனுக்கு எவ்வளவு ஆகும் என்று என்னிடம் விசாரிக்கிறார். முகத்தில் கவலை தெரிகிறது. டிராயரின் பக்கவாட்டுக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்று அளந்து வரச் சொல்கிறேன். மறுநாள் ஃபோன் வருகிறது: ரெண்டு பக்கமும் அரை இஞ்ச் இருக்கு. அரை அங்குலம் இருந்தால் எதையும் உடைக்க வேண்டியதில்லை. சேனலை மட்டும் மாற்றினால் போதும். நான் சொல்ல வந்தது இதுதான். "வராது" என்ற பதிலை விட்டுவிட்டு, டேப்பை எடுத்து அளந்து பார்த்த பிறகு பேசுங்கள்.

நம் ஊர் அடுப்படிகளில் இன்று ஓடும் டிராயர்களில் பெரும்பாலானவை பக்கவாட்டில் பால் பேரிங் டெலஸ்கோப்பிக் சேனல் போட்டவை. ஸ்டீல் பாஸ்கெட் ஆனாலும் பிளைவுட் பெட்டி ஆனாலும் சேனல் ஒன்றுதான். அதன் கனம் 12.7 மி.மீ., அதாவது அரை அங்குலம். உயரம் சுமார் 45 மி.மீ. டேம்பரைத் தனக்குள்ளேயே வைத்திருக்கும் சாஃப்ட் க்ளோஸ் டெலஸ்கோப்பிக் சேனலும் ஏறக்குறைய அதே கனம், அதே உயரம்தான். 10, 12, 14 என்று இரண்டிரண்டு அங்குலமாக ஏறும் அதே நீளங்களில் கிடைக்கிறது. பழையதைக் கழற்றிய இடத்தில் புதியது உட்கார வேண்டும் என்றுதான் இந்த அளவுகளை ஒன்றாக வைத்திருக்கிறார்கள். சில கம்பெனிச் சேனலுக்கு அரை மி.மீ. கூடுதலாக இடம் வேண்டியிருக்கும்; அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

அதற்கும் முந்தைய காலத்து வெள்ளைப் பெயின்ட் பூசிய ரோலர் சேனல் இருக்கிறதே, நைலான் சக்கரம் கடகடவென்று ஓடுமே, அதற்கும் பக்கத்துக்கு அரை அங்குலம்தான் விட்டிருப்பார்கள். அந்தச் சேனல் டிராயரின் அடி விளிம்பைத் தாங்கிப் பிடிக்கும். டெலஸ்கோப்பிக் சேனல் பக்கப் பலகையின் நடுவில் உட்காரும். ஆகவே துளை புதிதாகப் போட வேண்டும். மாட்டுவதில் வேறு வித்தியாசம் இல்லை. ரோலர் சேனலில் டிராயர் முக்கால்வாசிதான் வெளியே வரும். டெலஸ்கோப்பிக்கில் முழுவதும் வரும். பின்மூலையில் பல வருடமாகக் கைக்கு எட்டாமல் கிடந்த கரண்டியும் கடைசியில் வெளிச்சத்துக்கு வரும்.

சாஃப்ட் க்ளோஸ் சேனலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவை பிரித்துப் பார்த்தவர்களுக்கு, ஏன் சில வீடுகளில் அது நன்றாக வேலை செய்கிறது, ஏன் சில வீடுகளில் பாதியில் நிற்கிறது என்பது தானாகப் புரிந்துவிடும். உள்ளே இரண்டு வேலை நடக்கிறது. ஒன்று, இழுக்கும் ஸ்பிரிங். டிராயர் மூடக் கடைசி ஒன்றரை, இரண்டு அங்குலம் இருக்கும்போது, நகரும் பாகத்தில் உள்ள முளை ஒரு பிளாஸ்டிக் கொக்கியில் போய் மாட்டுகிறது. கொக்கி விடுபட, ஸ்பிரிங் டிராயரை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்னொன்று டேம்பர். சின்ன உருளை, அதற்குள் ஒரு பிஸ்டன், கூடவே கொஞ்சம் சிலிகான் எண்ணெய். பிஸ்டன் நகர வேண்டும் என்றால் எண்ணெய் ஒரு நுண்ணிய சந்து வழியாகப் பிதுங்கிப் போயாக வேண்டும். மெதுவாகத் தள்ளினால் எதிர்ப்பு இருப்பதே தெரியாது. வேகமாக அறைந்தால் எண்ணெய் அவ்வளவு சீக்கிரம் போக முடியாமல் முறுக்கிக்கொண்டு நிற்கும். நீங்கள் ஓட்டிவரும் வண்டியின் ஷாக் அப்சார்பருக்குள் நடப்பதும் இதே வேலைதான். சிலிகான் எண்ணெயாகப் பார்த்து ஊற்றுவதற்குக் காரணம் உண்டு. சூடு ஏறினாலும் இறங்கினாலும் அதன் கெட்டித்தன்மை மற்ற எண்ணெய்களைப்போல் அதிகம் மாறாது. அடுப்புக்குப் பக்கத்து டிராயருக்கு, அதுவும் நம் ஊர்ச் சித்திரை வெயிலில், இது சின்ன விஷயம் அல்ல.

இந்த ஏற்பாடு ஒன்றும் பழங்காலத்தது அல்ல. ஆஸ்திரியாவின் ப்ளம் கம்பெனி தன்னுடைய ப்ளமோஷன் டேம்பரை 2001-ல்தான் கொண்டுவந்தது. 1952-ல் யூலியுஸ் ப்ளம் என்பவர் தொடங்கிய அந்தக் கம்பெனியின் முதல் பொருள் குதிரை லாடத்தில் பொருத்தும் முளை. ஜெர்மனியின் ஹெட்டிச் குடும்பம் 1888-ல் கடிகார உறுப்புகள் செய்யத் தொடங்கியது. லாடத்தையும் கடிகாரத்தையும் கையால் தொட்டு வேலை பார்த்தவர்களின் தொழில்தான் இன்று உங்கள் கைக்கு வரும் சேனலாக வளர்ந்து நிற்கிறது. நம் ஊர்க் கடைகளில் சாஃப்ட் க்ளோஸ் சாதாரணமாகக் கிடைக்க ஆரம்பித்தது 2001-க்குப் பல வருடம் கழித்து. அதனால் அதற்கு முன்பு அடுப்படி செய்துகொண்டவர்கள் குறைந்த சாமான் வாங்கினார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அன்றைக்குக் கிடைத்ததை வாங்கினார்கள். பிளை நன்றாக இருக்கிறது, பாஸ்கெட் நன்றாக இருக்கிறது, கிரானைட் இன்னும் பளபளக்கிறது. குறை சேனலில் மட்டும்தான்.

இப்போது வேலைக்கு வருகிறேன். சாஃப்ட் க்ளோஸ் போட்டும் டிராயர் ஒரு விரல் அகலம் திறந்தே நிற்கிறது என்று புகார் வரும்போது, "சேனல் டூப்ளிகேட்" என்று நீங்கள் கடையைச் சொல்கிறீர்கள். கடைக்காரர்கள் உங்களைச் சொல்கிறார்கள். பெரும்பாலும் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. அந்த ஸ்பிரிங்குக்குப் பலம் கொஞ்சம்தான். சாதாரணச் சேனலில் டிராயர் லேசாக உராய்ந்தாலும் கை தள்ளுகிற தள்ளில் மூடிவிடும். உராய்வு இருப்பது யாருக்கும் தெரியாமலே வருடங்கள் ஓடிவிடும். சாஃப்ட் க்ளோஸில் கடைசி இரண்டு அங்குலத்தைக் கை தள்ளுவதில்லை, ஸ்பிரிங் இழுக்கிறது. அந்தக் கொஞ்சப் பலத்தை உராய்வு தின்றுவிட்டால் டிராயர் நின்றுவிடும். அதுவரை மறைந்திருந்த கோணல் எல்லாம் அன்றைக்குத்தான் வெளியே தெரியும்.

பழைய டிராயரைக் கழற்றியதும் முதல் வேலை, பெட்டிச் சுவர்களுக்கு நடுவே உள்ள அகலத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அளப்பது. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு மி.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் அகலமான பக்கத்தில் சேனலுக்குப் பின்னால் பேக்கிங் கொடுங்கள். மிச்சம் கிடக்கும் மைக்காத் துண்டு போதும். ஒரு துண்டு ஏறக்குறைய ஒரு மி.மீ. கனம் இருக்கும். மடித்த சிகரெட் அட்டை வேண்டாம். அடுப்படி ஈரத்தில் அது ஊறிச் சுருங்கிவிடும், மறுபடியும் கோணல் வந்துவிடும். அடுத்தது மட்டம். இடது சேனலும் வலது சேனலும் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல், பெட்டியின் அடிப்பலகையிலிருந்து ஒரே அளவில் வெட்டிய பிளைத் துண்டை நிறுத்தி அதன்மேல் சேனலை வைத்துத் திருகு போடுங்கள். இந்தத் தந்திரத்தை நான் சொல்லித் தரத் தேவையில்லை, உங்களிடம்தான் கற்றேன். அவசரத்தில் விட்டுப்போகிறது என்பதால் நினைவூட்டுகிறேன்.

சிவில் வேலை செய்த அடுப்படிகளில் இது இன்னும் முக்கியம். தமிழ்நாட்டில் எத்தனை வீடுகளில் பிளைவுட் பெட்டியே கிடையாது! செங்கல் சுவரோ கடப்பா கல்லோ நிறுத்தி, மேலே கிரானைட் பதித்து, நடுவில் பாஸ்கெட்டை விட்டு, முன்னால் ஷட்டர் ஒட்டியிருப்பார்கள். டைல்ஸ் பதித்த சாந்து ஒரு இடத்தில் கனமாகவும் இன்னொரு இடத்தில் மெலிந்தும் இருக்கும். அந்தச் சுவரில் நேரே ராவல் பிளக் அடித்துச் சேனலை முறுக்கினால், திருகு இறுகும்போது சேனலும் சுவரோடு சேர்ந்து வளைந்துவிடும். வளைந்த சேனலில் குண்டுகள் ஓடும், ஆனால் இறுகி ஓடும். முதலில் இரண்டு பக்கமும் மெரைன் பிளைப் பட்டை அடித்து, அதைத் தூக்குக்குண்டுக்கும் மட்டத்துக்கும் சரிபார்த்து, அதன்மேல் சேனல் போடுங்கள். பட்டைக்கு இடம் இல்லாமல் பாஸ்கெட் சுவரை ஒட்டி இருந்தால், ஒரு அளவு குறைந்த பாஸ்கெட்டைத் தேட வேண்டியிருக்கும். அப்போதும் உடைப்பது ஒன்றும் இல்லை.

திருகில் கவனம் வேண்டும். தலை தட்டையாக உள்ளே அமரும் திருகுதான் போட வேண்டும்; தலை துருத்தினால் குண்டுகள் இருக்கும் கூண்டு அதில் இடித்து இடித்துக் கொஞ்ச நாளில் உதிர்ந்துவிடும். 18 மி.மீ. பிளைக்கு 16 மி.மீ. திருகு, அதற்குமேல் வேண்டாம். முதலில் நீள்துளைகளில் மட்டும் திருகு போட்டு, டிராயரை மாட்டி, பத்துத் தடவை திறந்து மூடி, முகப்பு நேராக உட்காருகிறதா என்று பார்த்து, நகர்த்த வேண்டியதை நகர்த்திய பிறகு வட்டத்துளைகளில் திருகை ஏற்றுங்கள். பழைய துளை தேய்ந்து திருகு சுற்றிக்கொண்டே இருந்தால், அதே துளையில் பெரிய திருகைத் திணிக்காதீர்கள். மூங்கில் சீவலை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, காய்ந்ததும் போடுங்கள். பார்ட்டிகிள் போர்டாக இருந்தால் துளையைத் தள்ளிப் போடுவதே நல்லது.

இன்னொன்று, முகப்பு. டிராயரின் முன்பலகை பெட்டியின் விளிம்பில் வந்து ஒட்டும் நேரமும், சேனல் முழுதாக மூடும் நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டிப் பக்கத்துச் சேனல் சில மி.மீ. அதிகமாக உள்ளே தள்ளி உட்கார்ந்திருந்தால், டேம்பர் தன் வேலையை முடிப்பதற்கு முன்பே பலகை போய் இடித்துவிடும். சாஃப்ட் க்ளோஸ் போட்டும் 'டொக்' என்று சத்தம் வருகிறது என்பார்கள். இது அந்தக் கோளாறு.

எல்லாம் முடிந்ததும் காலி டிராயரைத் தள்ளிக் காட்டிவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்த வீட்டில் அதற்குள் என்ன வைப்பார்களோ அதை வைத்துப் பாருங்கள். நம் வீட்டு டிராயரில் நாலு பீங்கான் தட்டு மட்டுமா இருக்கும்? இரும்பு தோசைக்கல், பணியாரக் கல், குக்கர், பித்தளை உருளி எல்லாம் அதற்குள்தான். 35 கிலோ தாங்கும் சேனல், 45 கிலோ தாங்கும் சேனல் என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பது அலங்காரத்துக்கு அல்ல. பாத்திரம் வைக்கும் கீழ் டிராயருக்கு 45 கிலோ போடுங்கள். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். எடையும் சேர்ந்தால் சின்ன டேம்பர் தாங்காது. அதைவிட மோசம், சாதாரணச் சேனலில் அதே அறை நேரே முன்பலகையின் திருகுகளில் இறங்குகிறது. கைப்பிடியோடு முன்பலகை கழன்று கையில் வந்த கதைகள் உங்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

எங்கே உண்மையிலேயே வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். டிராயருக்கு அடியில் மறைந்திருக்கும் அண்டர்மவுண்ட் சேனலைப் பழைய பெட்டிக்குப் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அதற்கு டிராயரையே அதன் கணக்குக்குச் செய்ய வேண்டும். ப்ளம் டேண்டம் சேனலை எடுத்தால், 16 மி.மீ. பக்கப் பலகைக்கு, பெட்டியின் உள்ளகலத்தில் 42 மி.மீ. கழித்தால் வருவதுதான் டிராயரின் உள்ளகலம். அடிப்பலகை அரை அங்குலம் மேலே ஏறியிருக்க வேண்டும். பின்பலகையில் வெட்டு வேண்டும். அடியில் ஆணி அடித்து மூடிய பழைய டிராயரில் இது நடக்காது. கைப்பிடி இல்லாமல் தள்ளித் திறக்கும் டிராயருக்கும் சாதாரண சாஃப்ட் க்ளோஸ் சேர்ந்து வராது. ஒன்று வெளியே தள்ளும், ஒன்று உள்ளே இழுக்கும். இரண்டையும் சேர்த்துச் செய்யும் தனிச் சாமான் உண்டு, விலை அதிகம்.

பக்கவாட்டில் சந்தே இல்லாமல், மரத்தின்மேல் மரம் ஓடும் பழைய தேக்கு டிராயர்கள் இருக்கின்றனவே, அவற்றின் பக்கப் பலகையை இழைத்துச் சேனல் திணிக்க வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். புறா வால் இணைப்புப் போட்டு ஒரு பெரியவர் செய்த வேலை அது. ஓடும் இடத்தில் மெழுகு தேய்த்து, பெட்டியின் பின்பலகையில் ஒரு சின்ன பிஸ்டன் டேம்பரைத் திருகிவிட்டால் போதும். இழுத்துக்கொள்ளாது, ஆனால் அறையாமல் நிறுத்தும்.

அந்தத் தனி டேம்பரை உங்களில் பலர் இன்னும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விரல் நீளத்தில், பேனா மூடிபோல் இருக்கும். பெட்டியின் விளிம்பில் 10 மி.மீ. துளை போட்டுச் சொருகும் வகை உண்டு. துளை போட முடியாத இடத்தில் உறையோடு திருகும் வகை உண்டு. சேனலைத் தொடவே வேண்டாம். அகலமான டிராயருக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் வைத்தால் டிராயர் கோணி நிற்கும். இன்னும் ஒரு வகை, கொக்கியும் ஸ்பிரிங்கும் டேம்பரும் சேர்ந்த தனிப் பெட்டி. டிராயரில் ஒரு பாகம், பெட்டியில் ஒரு முளை. பழைய சேனல் நன்றாக ஓடும் வீட்டில் அதைக் கழற்றாமலே இதைச் சேர்க்கலாம். ஆனால் உள்ளே அதற்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எந்த வீட்டுக்கு எது என்பதை வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சாஃப்ட் க்ளோஸ் சேனலைத் திறக்கும்போது அந்த முதல் இரண்டு அங்குலத்துக்கு ஸ்பிரிங்கை எதிர்த்து இழுக்க வேண்டும். உங்களுக்கும் எனக்கும் அது தெரியவே தெரியாது. மூட்டுவாதத்தில் விரல் மடங்காத எழுபது வயது அம்மாவுக்குத் தெரியும். அவர் தினமும் முப்பது தடவை திறக்கும் கரண்டி டிராயருக்கு ஸ்பிரிங் இல்லாத தனி டேம்பரே நல்லது. கூடவே உருண்டைக் குமிழை மாற்றி, நாலு விரலும் நுழைகிற கைப்பிடி போட்டுக் கொடுங்கள். அந்த அம்மா உங்களை வாழ்த்துவார்.

குழந்தை இருக்கும் வீட்டில் முழு சாஃப்ட் க்ளோஸ் போடுங்கள். விரல் நசுங்காது என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். அறை குறையும், கடைசி இழுப்பு இருக்கத்தான் செய்யும். எல்லீஸ் நகர் அடுக்குமாடி மாதிரியான இடங்களில், அடுப்படிச் சுவருக்கு அந்தப் பக்கமே படுக்கையறை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்க, காலை ஐந்து மணிக்கு அவர் மனைவி காபிக்கு டிராயரைத் திறந்தாக வேண்டும். ஆட்டிசம் உள்ள மகனை வைத்திருக்கும் ஒரு தாய் என் கடைக்கு வந்தார். ஸ்டீல் பாஸ்கெட் அறையும் ஒவ்வொரு தடவையும் பையன் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடுகிறான் என்றார். அவரிடமும் ஒருவர் "மொத்தமா மாத்தணும்" என்றுதான் சொல்லியிருக்கிறார். மூன்று பாஸ்கெட்டுக்குச் சேனல் மாற்றியதோடு அந்த வீட்டுப் பிரச்சினை முடிந்தது. இதற்காக ஒரு குடும்பம் நகையை அடகு வைத்துப் புது கிச்சன் போட்டிருந்தால், அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எல்லா டிராயருக்கும் போட வேண்டும் என்பதும் இல்லை. எது அதிகமாக அறைகிறது என்று வீட்டில் கேளுங்கள். கரண்டி, தட்டு, மசாலா டப்பா என்று மூன்றோ நான்கோ சொல்வார்கள். தீபாவளிக்குத் திறக்கும் முறுக்குக் குழல் டிராயரை அப்படியே விட்டுவிடலாம். கையில் பணம் சேரும்போது அடுத்ததை மாற்றிக்கொள்வார்கள். உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

நீங்கள் ஏன் "வராது" என்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. சின்ன வேலைக்கு வண்டியில் டிரில்லையும் மட்டப்பலகையையும் கட்டிக்கொண்டு ஊரைச் சுற்றி வந்தால், கடைசியில் "நாலு திருகு போட்டதுக்கு இவ்வளவா?" என்று கேட்கிறார்கள். பெட்ரோலுக்குக்கூடக் கட்டாது. புது கிச்சன் என்றால் ஒரு மாத வேலை, நாலு பேருக்குக் கூலி. இந்தக் கணக்கு நியாயமானது. அதற்குத் தீர்வு பொய் சொல்வதில் இல்லை, கூலியை வெளிப்படையாகக் கேட்பதில் இருக்கிறது. வந்து பார்த்து அளப்பதற்கு ஒரு தொகை, டிராயர் ஒன்றுக்கு மாற்றுக் கூலி ஒரு தொகை, பேக்கிங்கும் பட்டையும் தேவைப்பட்டால் தனி என்று முதலிலேயே சொல்லுங்கள். சேனல் விலைக்குள் கூலியை ஒளித்து வைக்காதீர்கள். வீட்டுக்காரர் ஆன்லைனில் விலை பார்த்துவிட்டு உங்களைத் திருடன் என்று நினைப்பார். அந்த அவமானம் உங்களுக்கு வேண்டாம். வேலைக்கு நேரமும் அதிகம் ஆகாது. டெலஸ்கோப்பிக் சேனலில் டிராயரைக் கழற்ற இரண்டு பக்கமும் கறுப்பு பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. ஒன்றை மேலே தூக்கி மற்றொன்றைக் கீழே அழுத்தினால் கையோடு வந்துவிடும். நேரான பெட்டி என்றால் கை பழகியவருக்கு ஒரு காலை நேரத்தில் நாலு டிராயர் முடியும். தெருவுக்கு இரண்டு வீடு கிடைத்தால் மழைக்காலத்தில் புது வேலை இல்லாத நாட்களுக்கு இது சோறு போடும். வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் அவர்களிடமும் சொல்கிறேன்: பேரம் பேசாமல் கொடுங்கள். உங்களுக்கு ஒரு கிச்சன் மிச்சமாகிறது.

உடைத்த கிச்சன் எங்கே போகிறது என்றும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல தேக்கானால் யாராவது எடுத்துப்போவார்கள். மைக்கா ஒட்டிய பிளையையும் பார்ட்டிகிள் போர்டையும் எடுக்க ஆள் இல்லை. கடைசியில் வெந்நீர் அடுப்புக்குப் போகிறது. அந்தப் பலகைகளை ஒட்டிய பசையில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது. மைக்கா என்பது பிசினில் ஊறிய காகிதம். எரிக்கும்போது வரும் புகையை நின்று சுவாசிப்பவர் பெரும்பாலும் உங்களோடு வேலைக்கு வந்த உதவியாள்தான், அல்லது அவர் வீட்டுப் பெண்கள். தயவுசெய்து அந்தத் துண்டுகளை யாருக்கும் விறகாகக் கொடுக்காதீர்கள்.

மாட்டி முடித்த பிறகு வீட்டில் இருப்பவர்களுக்கு இரண்டு விஷயம் காட்டிக் கொடுத்துவிட்டு வாருங்கள். ஒன்று, கொக்கி தவறினால் என்ன செய்வது என்பது. சில நேரம் கொக்கி தானாக விடுபட்டு உள்ளே போய்விடும். டிராயர் மூடாமல் இடிக்கும் அல்லது சாதாரணமாக அறையும். உடைந்துவிட்டது என்று பயந்து உங்களுக்கு ஃபோன் போடுவார்கள். ஒரு தடவை டிராயரை அழுத்தி முழுதாக மூடித் திறந்தால் பெரும்பாலும் கொக்கி திரும்ப மாட்டிக்கொள்ளும். இல்லையென்றால் விரலாலோ ஸ்க்ரூ டிரைவராலோ அதைத் தன் இடத்துக்கு இழுத்து வைக்கலாம். உங்கள் முன்னாலேயே அவர்களை ஒரு தடவை செய்யச் சொல்லுங்கள். இன்னொன்று, எண்ணெய் விடக் கூடாது. சேனல் இறுகினால் நம் வீடுகளில் உடனே தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவிடுவார்கள். மறுநாள் கோதுமை மாவும் தாளிப்புப் பிசுக்கும் அதில் ஒட்டி, குண்டுகள் சுழலாமல் சறுக்க ஆரம்பிக்கும். உலர்ந்த துணி, பழைய பல் துலக்கும் பிரஷ், இவ்வளவு போதும். நெல்லோ அரிசியோ சேனலில் விழுந்திருந்தால் டிராயரைக் கழற்றி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

வடக்கிலிருந்து வந்து நம் ஊரில் இந்த வேலையில் இறங்கியிருக்கும் தம்பிகள் நிறையப் பேர். அவர்களால் இதைப் படிக்க முடியாது. உங்களோடு ஒரே சைட்டில் நிற்பவர்களுக்கு வாயால் சொல்லி, கையால் காட்டிக் கொடுங்கள். அவர்கள் கை சுத்தம் எனக்குத் தெரியும். ஒரு தடவை பார்த்தால் பிடித்துக்கொள்வார்கள்.

கடைக்கு வரும்போது செல்போனில் எடுத்த படத்தைக் காட்டாதீர்கள். படத்தில் 18 அங்குலச் சேனலும் 20 அங்குலச் சேனலும் ஒன்றுபோலத்தான் தெரியும். பழைய சேனலில் ஒன்றைக் கழற்றிக் கையோடு எடுத்துவாருங்கள். பெட்டியின் உள்ளாழம், முன் அகலம், பின் அகலம், டிராயரின் வெளி அகலம், இந்த நாலையும் ஒரு அட்டையில் குறித்துக்கொள்ளுங்கள். சிங்க்குக்குப் பக்கத்து டிராயர் என்றால் பின்னால் குழாய் எவ்வளவு முன்னே வருகிறது என்பதையும் சேர்த்து. காலையில் கூட்டம் இருக்காது. பிளைப் பெட்டி ஒன்றைக் கல்லாவுக்குப் பக்கத்தில் செய்து வைத்திருக்கிறேன். எந்தக் கம்பெனிச் சேனலை வேண்டுமானாலும் அதில் மாட்டி, எடை வைத்து, ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்கிப் போகலாம்.

அன்புடன்,
உங்கள் கடைக்கார அக்கா